ஃபர்ஃபியூரால்: கரும்புச் சக்கைக்குள் இருக்கும் எண்ணெய்

டர்பனிலிருந்து தெற்குக் கடற்கரையோரமாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போனால் செசேலா வரும். அம்ஸிண்டோ, எஸ்பெரான்ஸா, செசேலா என்று இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னால் போதும், தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் "எங்க தாத்தாவோட அப்பா அந்தத் தோட்டத்துலதான் இருந்தார்" என்று ஆரம்பித்துவிடுவார். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மதராஸ் மாகாணத்தார். அவர்களை வரவழைத்ததே கரும்புக்காகத்தான். அதனால் கரும்பு, சர்க்கரை, வேலை வாங்கிய சர்தார், கிர்மிட் என்ற ஒப்பந்தம் பற்றியெல்லாம் நம் வீடுகளில் நிறையப் பேச்சு உண்டு. சக்கையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

செசேலா மில்லை ஒட்டி ஒரு வேதியியல் ஆலை இருக்கிறது. இல்லோவோ சர்க்கரை நிறுவனத்துடையது. 1970களிலிருந்து அங்கே சக்கையை நீராவியில் வேகவைத்து ஒரு திரவத்தை எடுக்கிறார்கள். அதன் பெயர் ஃபர்ஃபியூரால். கடையில் இந்தப் பெயரில் எதையும் வாங்க முடியாது. ஆனால் இரும்பு வார்ப்பு, மசகு எண்ணெய், மின்மாற்றி, நெய்க் கலப்படச் சோதனை என்று தொடர்பே இல்லாத பல இடங்களில் இது தலைகாட்டுகிறது. இன்னொரு விசேஷமும் உண்டு. தொழிற்சாலைகள் டன் கணக்கில் வாங்கும் கரிமச் சேர்மங்களில் அநேகமாக எல்லாமே இன்று பெட்ரோலியத்திலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ வருகின்றன. ஃபர்ஃபியூரால் அப்படி இல்லை. இதைப் பெட்ரோலியத்திலிருந்து லாபமாகச் செய்யும் வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றும் இன்றும் பயிர்க் கழிவுதான் மூலப்பொருள்.

ஆள் எப்படிப்பட்டவர் என்று முதலில் பார்ப்போம். ஐந்து கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் கொண்ட சின்ன மூலக்கூறு. நான்கு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் கைகோத்த ஐங்கோண வளையம் ஒன்று, அதன் ஓரத்தில் தொங்கும் ஆல்டிஹைடு தொகுதி ஒன்று, அவ்வளவுதான். புதிதாக வடித்தெடுத்தால் நிறமில்லாமல், லேசான எண்ணெய்ப் பதத்தில், பாதாம் வாசனையோடு இருக்கும். நீரைவிடக் கனமானது, அடர்த்தி 1.16. நீரில் ஓரளவுதான் கரையும்: 100 கிராம் நீருக்கு 8 கிராம் போல. சாராயத்தில் எவ்வளவு ஊற்றினாலும் கலந்துவிடும். கொதிநிலை 162 டிகிரி செல்சியஸ், உறைநிலை சுழியத்துக்கு கீழே 36 டிகிரி. 60 டிகிரியை நெருங்கினால் அதன் ஆவி தீப்பற்றும்.

இந்த எண்களைவிட முக்கியமான ஒரு குணம் இருக்கிறது. போத்தலில் வைத்துவிட்டு மறந்தால் அது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் தார்போலக் கறுத்துவிடும். நறுக்கிவைத்த வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பதைப் போலத்தான், ஆனால் இங்கே நடப்பது வேறு வினை. காற்றிலுள்ள ஆக்சிஜன் அமிலங்களை உண்டாக்கும். அமிலம் பட்டதும் வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகும். ஆகவே நைட்ரஜன் நிரப்பி, வெளிச்சம் படாமல் சேமிக்க வேண்டியிருக்கிறது. சும்மா இருக்கத் தெரியாத இந்தக் குணம்தான் ஃபர்ஃபியூராலின் கதை முழுவதும் ஓடுகிறது. எதனோடும் வினைபுரியும் என்பதால்தான் அது பயன்படுகிறது. தயாரிக்கும்போதே பாதி காணாமல் போவதற்கும் அதுவேதான் காரணம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் ஃபார்மிக் அமிலம் செய்யும் முயற்சியில் இதைத் தற்செயலாகப் பெற்று, 1832இல் எழுதினார். 1840இல் ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டென்ஹவுஸ், தவிடு, மரத்தூள் என்று எதைக் கந்தக அமிலத்தோடு காய்ச்சினாலும் இது வருகிறது என்று காட்டினார். அதன் கட்டமைப்பு 1901இல்தான் தெளிவானது. அதுவரையிலும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், இது ஆய்வக அலமாரியில் இருந்த ஓர் அபூர்வப் பொருள். 1922இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் இதை வணிக அளவில் தயாரித்தது. ஓட்ஸ் உமி மலைபோல் குவிந்து கிடந்தது. அதைக் கால்நடைகளுக்குச் செரிக்கும் தீவனமாக்க முடியுமா என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது கிடைத்த வழி இது.

சரி, சக்கைக்குள் ஃபர்ஃபியூரால் எங்கே இருக்கிறது? உண்மையில் அது அங்கே இல்லை. சக்கையை உலர்த்தினால் அதில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ், கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ், ஐந்தில் ஒரு பங்கு லிக்னின் இருக்கும். ஹெமிசெல்லுலோஸ் என்பது பெரும்பாலும் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரையின் சங்கிலி. நாம் தின்னும் சர்க்கரை சாற்றோடு போய்விடுகிறது. இந்த இன்னொரு சர்க்கரை நாரோடு ஒட்டிக்கொண்டு பின்தங்குகிறது. சூடும் அமிலமும் பட்டால் சங்கிலி உடைந்து சைலோஸ் விடுபடும். பிறகு ஒவ்வொரு சைலோஸ் மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபியூராலாகச் சுருளும்.

பள்ளி ஆய்வகத்தில் மோலிஷ் சோதனை செய்தவர்கள் இந்த வினையை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். சர்க்கரைக் கரைசலில் அடர் கந்தக அமிலத்தைச் சாய்த்து ஊற்றினால் இடையில் ஊதா வளையம் வருமே, அதுதான். ஐந்து கார்பன் சர்க்கரை ஃபர்ஃபியூராலாகவும், ஆறு கார்பன் சர்க்கரை அதன் நெருங்கிய உறவான இன்னொரு சேர்மமாகவும் மாறி, ஆல்ஃபா நாஃப்தாலோடு சேர்ந்து நிறம் காட்டுகின்றன.

குவேக்கர் ஆலையில் கந்தக அமிலம் ஊற்றினார்கள். செசேலாவில் அமிலமே ஊற்றுவதில்லை. அங்கே இருப்பது ரோசன்லூ என்ற பின்லாந்து முறை. சக்கையின் ஹெமிசெல்லுலோஸில் அசிட்டைல் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. 10 பார் அழுத்தத்தில், 180 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்தினால் அவை பிரிந்து அசிட்டிக் அமிலமாகின்றன. வினைக்கு வேண்டிய அமிலத்தைச் சக்கையே தந்துவிடுகிறது. சக்கையை முதலில் சலித்து, தண்டின் உள்ளிருக்கும் மென்மையான சோற்றித்தூளை நீக்கிவிட்டு, முரட்டு நாரை மட்டும் மேலிருந்து இறக்குகிறார்கள். நீராவி கீழிருந்து ஏறுகிறது. இரண்டு மணி நேரம் போல நார் உள்ளேயே வெந்து, அடியில் வெளியேறுகிறது. மேலே வரும் ஆவியில் சில சதவீதம்தான் ஃபர்ஃபியூரால், மற்றதெல்லாம் நீர்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த முரண் இருக்கிறது. ஒரு தாவரப் பொருளில் ஐந்து கார்பன் சர்க்கரை எவ்வளவு என்று அளக்க, ஆய்வகத்தில் அதை 12 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, வரும் ஃபர்ஃபியூராலை எடை போடுவார்கள். அந்தச் சாதாரணக் குடுவையில் கணக்குப்படி வரவேண்டியது அநேகமாக முழுவதும் வந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த ஆலையிலோ பாதிதான் வருகிறது. குடுவையில் கரைசல் கொதிக்கிறது. உண்டான கணமே ஃபர்ஃபியூரால் ஆவியோடு தப்பி ஓடிவிடுகிறது. ஆலையில் சூடேற்றுவதே நீராவிதான். அது நாரின்மேல் நீராகப் படியும்போது சூட்டைத் தருகிறது. அந்த நீர் கொதிப்பதில்லை. பிறந்த ஃபர்ஃபியூரால் அந்தப் படலத்தில் கரைந்து நிற்கிறது. பக்கத்தில் பாதி உடைந்த சைலோஸ் இருக்கிறது, அமிலம் இருக்கிறது, சூடும் இருக்கிறது. பிறகென்ன, அதனோடும் தன் இனத்தோடும் பிணைந்து கரும்பிசினாகிவிடுகிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் கரும்பை அரைத்தால் 300 கிலோ ஈரச்சக்கை வரும். அதில் பாதி நீர், ஆக 150 கிலோ உலர்நார். அதில் கால் பங்கு, அதாவது 37 கிலோ சொச்சம், ஐந்து கார்பன் சர்க்கரைச் சங்கிலி. நீரை இழப்பதால் ஏற்படும் எடைக்குறைவைக் கழித்தால் 27 கிலோ ஃபர்ஃபியூரால் வரவேண்டும். பாதி பிசினாகிவிட்டால் 13 கிலோ மிஞ்சும். ஒரு டன் கரும்புக்கு 13 கிலோ, அதுவும் எல்லாச் சக்கையையும் இதற்கே ஒதுக்கினால்.

"கழிவிலிருந்து செல்வம்" என்று சக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சர்க்கரை மில்லில் சக்கை கழிவே அல்ல. அதுதான் விறகு. கொதிகலன் அதைத் தின்றுதான் நீராவி தருகிறது. அந்த நீராவியில்தான் சாறு வற்றுகிறது, டர்பைன் சுழல்கிறது. ஃபர்ஃபியூராலுக்கு ஒதுக்கும் ஒவ்வொரு டன் நாரும் கொதிகலனின் வாயிலிருந்து பிடுங்குவது. அது போதாதென்று, ஒரு டன் ஃபர்ஃபியூரால் எடுக்கப் பழைய முறைகளில் 20, 30 டன் வரை நீராவி செலவாகிறது. ஆகவே இந்த ஆலை தனியாக நிற்க முடியாது. மில்லின் தோளில்தான் நிற்க முடியும். வெந்து வெளிவரும் மிச்ச நார் திரும்பவும் கொதிகலனுக்கே போகிறது. செல்லுலோஸும் லிக்னினும் அதில் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் நன்றாக எரியும். ஈரமும் அமிலமும் மட்டும் தொல்லை.

அந்த நீர்த்த ஆவியிலிருந்து ஃபர்ஃபியூராலைப் பிரிப்பதில் இயற்கை கொஞ்சம் கைகொடுக்கிறது. 162 டிகிரியில் கொதிக்கும் திரவத்தை 100 டிகிரியில் கொதிக்கும் நீரிலிருந்து பிரிக்க, நீரையெல்லாம் ஆவியாக்கித் தள்ள வேண்டுமே என்று தோன்றும். தேவையில்லை. இரண்டும் சேர்ந்து 98 டிகிரியை ஒட்டி, 35 சதவீத ஃபர்ஃபியூரால் கொண்ட கலவையாக முதலில் கொதித்து மேலே வந்துவிடும். அதைக் குளிரவைத்தால் தானாகவே இரண்டு அடுக்காகப் பிரியும். அடியில் 90 சதவீதத்துக்கு மேல் ஃபர்ஃபியூரால், மேலே 8 சதவீதம் கொண்ட நீர். மேலடுக்கைத் திரும்ப வடிகலனுக்கு அனுப்பிவிட்டு, அடியடுக்கை உலர்த்திச் சுத்தம் செய்கிறார்கள். இதே ஆவியில் டைஅசிட்டைல் என்ற வெண்ணெய் வாசனைப் பொருளும் கொஞ்சம் வருகிறது. செசேலாவில் அதையும் பிரித்து விற்றிருக்கிறார்கள். செடியிலிருந்து வந்ததால் இயற்கைச் சுவையூட்டி என்ற முத்திரையோடு அது நல்ல விலை பெறும். பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்ததாகப் பின்னால் பேசப்பட்டதும் இந்த டைஅசிட்டைல்தான். இயற்கையாக வந்ததா, செயற்கையாகச் செய்ததா என்று நுரையீரல் பார்ப்பதில்லை.

யார் வாங்குகிறார்கள்? பெரும்பகுதி நேராக யாரிடமும் போவதில்லை. ஹைட்ரஜன் ஏற்றி ஃபர்ஃபியூரைல் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறார்கள். உலகில் உண்டாகும் ஃபர்ஃபியூராலில் பாதிக்கும் மேல் இந்த வழியில்தான் போகிறது. வார்ப்பட ஆலைகளுக்கு அது வேண்டும். பம்பு உடலோ எஞ்சின் பாகமோ வார்க்க மணலில் அச்சு செய்ய வேண்டும் அல்லவா? மணலில் இந்த ஆல்கஹாலிலிருந்து செய்த பிசினைக் கலந்து, கொஞ்சம் அமிலம் சேர்த்தால், அடுப்பில் வைக்காமலேயே அச்சு கல்லாக இறுகும். போத்தலில் கறுத்துத் தொல்லை தந்த அதே குணம் இங்கே வேலையாகிறது. இறுகிய பிசினை அமிலமும் காரமும் எளிதில் தின்ன முடியாது. அதனால் வேதியியல் ஆலைகளில் தரைக்கும் தொட்டிக்கும் பூசும் காரையிலும் இது உண்டு. மென்மரத்தை ஃபர்ஃபியூரைல் ஆல்கஹாலில் ஊறவைத்து இறுக்கினால் தேக்குபோல உழைக்கும். நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்பதால் அமெரிக்காவின் ஆரம்பகால ஏவுகணை எரிபொருளிலும் ஃபர்ஃபியூரைல் ஆல்கஹால் கலந்திருந்தது. நெஞ்செரிச்சலுக்குப் பலரும் விழுங்கிய ரானிடிடின் மாத்திரையும் இதிலிருந்து தொடங்கியதுதான்.

நேரடிப் பயன்களில் பழையது எண்ணெய்ச் சுத்திகரிப்பு. மசகு எண்ணெயில் உள்ள அரோமாட்டிக் சேர்மங்களை ஃபர்ஃபியூரால் கரைத்து இழுத்துக்கொள்ளும். நல்ல எண்ணெயை விட்டுவிடும். சூட்டில் நீர்த்துப்போகாத எஞ்சின் எண்ணெய் அப்படித்தான் மிஞ்சுகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீனைப் பிரித்தெடுத்ததும் ஃபர்ஃபியூராலை வைத்துத்தான். போருக்குப் பின் டூபாண்ட் நிறுவனம் நைலானின் ஒரு மூலப்பொருளையே இதிலிருந்து செய்தது. மக்காச்சோளக் கதிரின் சக்கையிலும் ஓட்ஸ் உமியிலும் தொடங்கிக் காலுறையில் முடிந்த அந்தப் பாதை 1961இல் அடைபட்டது. பெட்ரோலிய பியூட்டாடையீன் மலிந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். பிவிசி குழாய் ஒட்டும் பசையில் இருக்கும் டெட்ராஹைட்ரோஃபியூரானும் அப்படித்தான் பெட்ரோலியத்தின் பக்கம் போனது. ஃபர்ஃபியூராலைப் பெட்ரோலியத்திலிருந்து செய்ய முடியவில்லை என்பது உண்மை. ஆனால் ஃபர்ஃபியூரால் செய்யும் வேலையைப் பெட்ரோலியம் பல இடங்களில் பிடுங்கிக்கொண்டது என்பதும் அதே அளவு உண்மை.

மண்ணுக்கும் ஒரு பயன் இருக்கிறது, அது தென்னாப்பிரிக்காவிலேயே வளர்ந்தது. நேட்டால் கடற்கரையின் மணற்பாங்கான நிலத்தில் நூற்புழுக்கள் கரும்பின் வேரை அரித்துவிடும். ஃபர்ஃபியூரால் நூற்புழுவைக் கொல்லும். மண்ணில் நீண்ட நாள் தங்காமல் சிதைந்தும் விடும். கிராப் கார்ட் என்ற பெயரில் இல்லோவோ அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சக்கையிலிருந்து வந்த மருந்து வேருக்கே திரும்பப் போகிறது.

நம் சமையலறைக்கு மிக அருகில் வரும் பயன் ஒன்று உண்டு. இந்தியாவில் வனஸ்பதி செய்கிறவர்கள் அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். சுவைக்காக அல்ல, மாட்டிவிடுவதற்காக. நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் அதோடு நல்லெண்ணெயும் வந்துவிடும். உருக்கிய நெய்யோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும், சாராயத்தில் கரைத்த ஒரு சொட்டு ஃபர்ஃபியூராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெயிலுள்ள ஒரு பொருள் அதைப் பிடித்துக்கொண்டு அமில அடுக்கை ரோஜாச் சிவப்பாக்கும். பௌடாயின் சோதனை என்று பெயர். கோயிலுக்கு விளக்கேற்ற நல்லெண்ணெய் வாங்குகிறவர்கள் டர்பனிலும் உண்டு. அது நல்லெண்ணெய்தானா என்று பார்க்கவும் இந்தச் சோதனை உதவும். கலப்படத்துக்குள் முன்கூட்டியே சாட்சியை வைத்த இந்தச் சட்டத்தைப் போலப் புத்திசாலித்தனமான உணவுச் சட்டங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

மின்மாற்றிக்குள் ஃபர்ஃபியூராலை யாரும் ஊற்றுவதில்லை. அது அங்கேயே பிறக்கிறது. உள்ளே செம்புக் கம்பிச் சுருளைக் காகிதத்தால் சுற்றி எண்ணெயில் மூழ்கவைத்திருப்பார்கள். சூட்டில் வருடக்கணக்கில் காகிதத்தின் செல்லுலோஸ் சங்கிலி அறுந்து அறுந்து குட்டையாகும். புதிதில் ஆயிரம் கண்ணி நீளமிருந்தது 200க்கு இறங்கினால் காகிதம் தொட்டாலே நொறுங்கும். இயங்கும் மின்மாற்றியைத் திறந்து காகிதத்தைக் கிழித்துப் பார்க்க முடியாது. ஆனால் அறுந்த சங்கிலியிலிருந்து ஃபர்ஃபியூரால் உண்டாகி எண்ணெயில் கரைகிறது. கொஞ்சம் எண்ணெயை எடுத்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளந்தால் காகிதத்தின் வயது தெரிந்துவிடும். மின்வெட்டு பற்றிப் பேசாத நாளே இல்லாமல் சில வருடங்கள் ஓட்டிய இந்த நாட்டில், இந்தச் சோதனையின் அருமை பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பாதாம் வாசனைக்கு ஏமாந்துவிடக் கூடாது. இது விஷம். எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் உடல் எடையில் கிலோவுக்கு 65 மில்லிகிராம் அளவே பாதியைக் கொல்லும். தோல் வழியாகவும் உள்ளே போகும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், தலைவலி தரும். அதே சமயம், வறுத்த காப்பியிலும் ரொட்டி மேலோட்டிலும் பீப்பாயில் கிடந்த ரம்மிலும் இது மிகச் சிறிய அளவில் இருக்கிறது. சூடு பட்ட இடமெல்லாம் சர்க்கரை கொஞ்சம் ஃபர்ஃபியூராலாகும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இதை மூன்றாம் பிரிவில், அதாவது மனிதரில் வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத பொருள்களோடு, வைத்தது. காப்பி குடிப்பவர் கவலைப்பட ஒன்றுமில்லை. பீப்பாய் நிரப்புகிறவருக்குக் கையுறையும் முகமூடியும் கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் எல்லா மில்களும் இதைச் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்கள்மீது வரி வந்த பிறகு தென்னாப்பிரிக்காவில் சர்க்கரை விற்பனை அடிவாங்கியது. டொங்காட் ஹுலெட் என்ற பெரிய சர்க்கரை நிறுவனம் 2022இல் திவாலிலிருந்து மீட்கும் நடைமுறைக்குள் போனது. கரும்பிலிருந்து சர்க்கரையைத் தவிர வேறென்ன எடுக்கலாம் என்ற கேள்வி அதன்பின் சத்தமாகவே கேட்கிறது. எத்தனால், மின்சாரம், பிளாஸ்டிக் என்று பட்டியல் வரும்போதெல்லாம் ஃபர்ஃபியூராலும் கூடவே வருகிறது.

மேலே போட்ட கணக்கையே நீட்டிப் பார்ப்போம். நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 கோடி டன் கரும்பு அரைபடுகிறது. டன்னுக்கு 13 கிலோ என்றால் 2.3 லட்சம் டன் ஃபர்ஃபியூரால். உலகம் முழுவதும் ஆண்டுக்கு வாங்குவது 3 லட்சம் டன் அளவில்தான். அதில் மிகப் பெரும் பங்கு சீனாவில் மக்காச்சோளக் கதிரின் சக்கையிலிருந்து வருகிறது. கரும்புச் சக்கையில் டொமினிக்கன் குடியரசின் லா ரொமானா ஆலையும் பெரியது. நேட்டாலில் இரண்டு மூன்று மில்கள் புதிதாக இறங்கினாலே விலை சரியும். சீன ஆலைகள் விலையைக் குறைத்தால் செசேலா போன்ற ஒற்றை ஆலைக்கும் மூச்சு முட்டும். விலை ஏறிய வருடங்களில் புதிய ஆலைத் திட்டங்கள் பேசப்படுவதும், கட்டி முடிப்பதற்குள் விலை இறங்கிவிடுவதும் இந்தத் தொழிலில் பழக்கப்பட்ட கதை.

என் பார்வையில் இதற்கு வழி இன்னும் நிறைய ஆலைகள் அல்ல, அந்தத் தொலைந்துபோகும் பாதி. அழுத்தத்தைச் சட்டென்று குறைத்து உள்ளிருக்கும் நீரைக் கொதிக்கவைத்தால் குடுவையில் நடப்பது ஆலையிலும் நடக்கும் என்ற யோசனை வெகுகாலமாக இருக்கிறது. ஃபர்ஃபியூராலை உண்டான இடத்திலேயே இன்னொரு கரைப்பானுக்குள் இழுத்துக்கொள்ளும் முறைகளும் ஆய்வில் உள்ளன. அப்படி டன்னுக்கு 13 கிலோ 20 ஆகிவிட்டால், அதே நாரில், அதே கொதிகலனில், ஒரு டன் ஃபர்ஃபியூராலுக்கான நீராவிச் செலவு மூன்றில் ஒரு பங்கு போலக் குறையும். அப்போது பெட்ரோலியம் பிடுங்கிக்கொண்ட வேலைகளில் ஒன்றிரண்டையாவது திரும்பக் கேட்கும் விலைக்கு இது வரலாம்.